எதிராளிக்கு ஒரு வாசல்

அவள் யாரையும் முழுதாகத் தோற்கடிக்க மாட்டாள். சண்டையில் ஜெயிக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள் என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியும். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிராளி வாயடைத்துப் போவான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, அவன் தலை நிமிர்ந்து வெளியே போவதற்கு ஏதாவது ஒரு வாசலைத் திறந்து வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளிடம் எனக்கு ஆகவே ஆகாத குணம் அதுதான். இத்தனை வருஷம் கழித்து அவளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவதும் அதுதான்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊரின் பெயரையும் எழுதவில்லை. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில், மாகறல் பக்கம் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

ஊர் ஒன்று, தெரு வேறு. நான் ஊர்த்தெரு, அவள் காலனி. அவள் அப்பா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் பெரியப்பா நிலத்தில் வேலை செய்தவர். நாங்கள் இருவரும் மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தோம். முதல் நாள் மேடம் ஒவ்வொருவரையும் எழுப்பி ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். முக்கால்வாசிப் பேர் பி.காம். கிடைக்காமல் வந்தவர்கள், அதை மறைக்கவும் தெரியாதவர்கள். "அப்பா சேத்துட்டாரு மேடம்" என்றேன் நான். அவள் எழுந்து, "சண்ட போட்டவங்க அப்புறம் எப்டி பேசிக்கறாங்கன்னு தெரிஞ்சிக்கணும் மேடம்" என்றாள். வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

சர்வதேச உறவுகள் தாளில் அவளுக்கு ஒரு கேள்விதான். எந்தப் போர், எந்த உடன்படிக்கை என்று பாடம் நடந்தாலும் கையைத் தூக்குவாள். "தோத்தவன் வூட்டுக்குப் போயி பொண்டாட்டியாண்ட இன்னா சொல்லுவான் மேடம்?" அவளைப் பொறுத்தவரை நல்ல உடன்படிக்கை என்றால், தோற்றவன் வீட்டுக்குப் போய் வாய்விட்டுச் சொல்ல ஏதாவது அதில் இருக்க வேண்டும். அப்படி இல்லாத உடன்படிக்கையெல்லாம் அடுத்த சண்டைக்கு வைத்த விதைநெல் என்பாள். மேடம் ஒருநாள் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தால் வருகிற சிறப்பு விருந்தினர் எல்லோரும் குடவோலையில்தான் ஆரம்பிப்பார்கள். உலகத்துக்கே தேர்தலைச் சொல்லிக்கொடுத்த மண், கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் மேடையில் உருகிக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்தாள். "அந்தக் குடத்துல எங்க தெருவுலருந்து ஒரு பேராவது போட்டாங்களா சார்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், தண்ணீர் குடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மனிதர் அழுதிருப்பார். நான் அதைத்தான் எதிர்பார்த்துக் குஷியாக உட்கார்ந்திருந்தேன். அவள், "கல்வெட்டு பழசு சார். அழிஞ்சிகூட போயிருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்தாள். "ஆமாம்மா, நிறைய இடம் சிதைஞ்சுபோச்சு" என்று அவர் மூச்சு விட்டார்.

பஸ்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண்கள் இருக்கையில் ஒரு வெள்ளை வேட்டிக்காரன் உட்கார்ந்திருந்தான். மாசமாக இருந்த ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். கண்டக்டர் எழச் சொன்னார், எழவில்லை. நாலு பெண்கள் சத்தம் போட்டார்கள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

"நீ எறங்கனாதான் வண்டி போவும்."

"எவன் எறக்கறான்னு நானும் பாக்கறேன்."

பின்னாலிருந்து இரண்டு பையன்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் முகம் கன்றிப்போய்விட்டது. அடி வாங்கினாலும் வாங்குவான், இனி எழ மாட்டான் என்பது தெரிந்துவிட்டது. அவள் அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, தப்பு என்னுதுதான். நான் இங்க நின்னுக்கினு இருந்தேன் இல்ல, என் பையி அந்த எழுத்த மறைச்சிக்கினு இருந்திச்சி. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

அவன் ஜன்னலுக்கு மேலே பார்த்தான். மகளிர் என்று முழங்கை நீளத்துக்கு எழுதியிருந்தது. "மறைச்சிக்கினு நின்னா எப்டி தெரியும்? காலேஜ் வேற படிக்கறீங்க, அறிவு வேணாம்?" என்று அவளையே திட்டிவிட்டு எழுந்து போனான்.

அவள் பை அவள் தோளில்தான் இருந்தது. எந்த எழுத்தையும் அது மறைக்கவில்லை. இறங்கும்வரை நான் அவளோடு பேசவில்லை. இறங்கியதும், "ஏண்டி அவன்கிட்ட திட்டு வாங்கின?" என்றேன்.

"அந்தக்கா உக்காந்துச்சா இல்லியா?"

"உக்காந்துச்சு. அதுக்கு?"

"மானத்த அவன் எட்த்துக்கினு போவட்டும்டி. சீட்டு நமக்கு வந்திச்சி இல்ல."

அதை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆள் மாறும், பொருள் மாறும். மானம் அவங்களுக்கு, சீட்டு நமக்கு. மானம் கிளார்க்குக்கு, பஸ் பாஸ் நமக்கு. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அவள் ஒரே ஒரு முறைதான் வந்தாள். கல்லூரியில் மாதிரி ஐ.நா. சபை நடத்தினார்கள், அதற்குத் தயார் செய்ய நான்தான் இழுத்து வந்தேன். அம்மா டீ கொண்டு வந்தாள். எனக்கு எவர்சில்வர் டம்ளரில். அவளுக்குக் கல்யாணத்தில் மிச்சமாகிப் பரணில் கிடந்த பேப்பர் கப்பில். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மாவைக் கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "பேப்பர் கப்புதான் ஆன்ட்டி நல்லது. உங்களுக்குக் கழுவற வேல மிச்சம்" என்று வாங்கிக் குடித்தாள். அம்மாவின் முகம் சட்டென்று தெளிந்தது. "அதுக்குத்தாம்மா" என்றாள். அன்றைக்கு நான் அம்மாவை வெறுத்ததைவிட அவளைத்தான் அதிகம் வெறுத்தேன். அப்போது பெரியப்பா உள்ளே வந்தார். அவள் எழுந்து நின்று, "வணக்கம் பெரியப்பா" என்றாள். நான் கூப்பிடுகிற முறையில் அவளும் கூப்பிட்டுவிட்டாள். அவள் அப்பா அவரை ஆண்டே என்று கூப்பிடுகிறவர். பெரியப்பா பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

மாதிரி சபையில் சீட்டு எடுத்து நாடுகளைப் பிரித்தார்கள். அவளுக்குக் கடலே இல்லாத ஒரு நாடு வந்தது. நாலு பக்கமும் அடுத்தவன் நிலம், சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டுமானால் பக்கத்து நாட்டின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்து நாடு நான். வழி விடலாமா கூடாதா என்பது விவாதம். இரண்டு மணி நேரம் நான் முறுக்கிக்கொண்டேன். அவள் கடைசியில் தீர்மானத்தை என் பெயரில் எழுதிக்கொடுத்தாள். 'நல்லெண்ணத்தின் அடிப்படையில், தன் அண்டை நாட்டுக்கு வழி அளிக்கிறது' என்று என் நாட்டைப் புகழ்ந்து தள்ளியிருந்தாள். கைதட்டல். எனக்குத்தான் சிறந்த பிரதிநிதி கோப்பை. அவளுக்கு வழி கிடைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் ஒரு குறும்பு செய்தார். "உங்க நாட்டுல ஆட்சி மாறிடுச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் விளையாட்டாக எழுந்து, "எங்களுக்கு இப்ப நல்லெண்ணம் இல்ல மேடம்" என்றேன். அரங்கமே சிரித்தது. அவள் நாட்டுக்கு வழி அடைபட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்.

"நல்லெண்ணம்னு எழுதனது என் தப்புடி. வழி என்னுது, சாவி உன் கையில. அது வழியே இல்ல."

இரண்டாம் வருஷக் கோடையில் பெரியப்பா தன் நிலத்தைச் சுற்றி வேலி போட்டார். பக்கத்து நிலங்களில் பிளாட் போட ஆரம்பித்திருந்தார்கள், அவருக்குப் பயம் வந்துவிட்டது. தப்பில்லை. ஆனால் அவர் நிலத்துக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை போகிறது. அது பட்டா நிலம் இல்லை, புறம்போக்கு. ஊரில் எல்லோருக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழி அது. செய்யாற்றங்கரையில் இருக்கும் சுடுகாட்டுக்கு அதைவிட்டால் ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் இறங்கித்தான் போக வேண்டும். கோடையில் போகலாம், மழையில் இடுப்பளவு தண்ணீர்.

கல்லுக்கால் நடுகிற வேலை அவள் அப்பாவுக்கு. அந்த வட்டாரத்தில் கல் நட வேண்டும் என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். முதல் கல்லில் நின்று பார்த்தால் கடைசிக் கல் தெரியாது, அவ்வளவு நேராக இருக்கும். நான் வேலைக்காரர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போனபோது வண்டிப்பாதை வாய்க்கு வேலி வந்திருந்தது. பெரியப்பா கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துப் பாதைக்குக் குறுக்கே இழுத்தார்.

"வண்டிப்பாத ஆச்சிங்களே ஆண்டே" என்றார் அவள் அப்பா.

"நான் சொல்ற எடத்துல நடு."

அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். "நாளைக்கு என்ன எந்தப் பக்கமா தூக்கினு போவானுங்க ஆண்டே?" பெரியப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கயிற்றைக் கெட்டியாக இழுத்துப் பிடித்தார். அவள் அப்பா அந்தக் கயிற்றின் மேல் குழி வெட்டிக் கல்லை இறக்கினார். மறுநாள் பஸ்ஸில் இதை நான் அவளிடம் அப்படியே சொன்னேன்.

அதற்குப்பின் காலனியில் விழுந்த முதல் சாவு அவர்தான். கார்த்திகை மாதம், காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பெரியப்பா கேட்டதும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை, நான் பார்த்தேன். ஆள்விட்டு மாலையும் அனுப்பினார். ஆனால் சாயங்காலம் எடுக்கிறார்கள், வேலியைத் திறந்துவிடச் சொல்கிறார்கள் என்று சேதி வந்ததும் முகம் மாறிவிட்டது. கதிர் வந்த பயிர், கூட்டம் மிதிக்கும், மேளம் பட்டாசு என்று அட்டகாசம் பண்ணுவான்கள், ஒரு தடவை விட்டால் பழகிவிடும் என்று அடுக்கினார். என் பெரியப்பா மகன் நாலு பைக்கில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேலிக்குப் போனான்.

அம்மா என்னைப் போகக் கூடாது என்றாள். நான் மாட்டுக்கொட்டகை வழியாகப் போய்விட்டேன்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கலங்கலில் வெள்ளம் போகிற சத்தம் வேலிவரை கேட்டது. மழை பிடிப்பதற்குள், இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். பாடை வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. இறக்கிய பாடையை வழியில் வைத்திருப்பதை எங்கள் பக்கம் எந்தத் தெருவிலும் பொறுக்க மாட்டார்கள். அவள் அண்ணன் கடப்பாரையோடு நின்றான், அவனுக்குப் பின்னால் காலனிப் பையன்கள். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். நடுவில் கம்பி. போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது, வருவாய் ஆய்வாளரும் வந்தார்.

"கல்லப் புடுங்கனீங்கன்னா கேஸு. அத்தன பேரு மேலயும் போடுவேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"போட்டுக்கோ சார். எங்கப்பன் பொணத்த வச்சிக்கினு எவ்ளோ நேரம் நிக்கறது?" என்றான் அவள் அண்ணன். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து ஒருவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். கடப்பாரை மேலே போனது. நாலு பேர் அண்ணனைக் கட்டிப் பிடித்தார்கள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். அவள் அம்மா பின்னால் வர, அவள் தலைவிரி கோலமாக வேலிவரை வந்துவிட்டாள். அழுகை முகமாகத் தெரியவில்லை. கண் கம்பியையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வருவாய் ஆய்வாளர்தான் ஒரு யோசனை சொன்னார். பாதை வாயில் இரண்டு கல்லை எடுத்துவிட்டு ஒரு கேட் போட்டுக்கொள்ளட்டும். சாவு விழுந்தால் வந்து சொல்லட்டும், ஐயா திறந்துவிடுவார். இன்றைக்குக் கம்பியை அவிழ்த்துவிட்டால் போதும். பெரியப்பா தாடையைத் தடவிக்கொண்டார். அவருக்கும் மழை பயம், போலீஸ் பயம் இருந்தது.

"சரி. எங்கிட்ட வேல செஞ்சவன். அவனுக்காகத் தெறந்து வுடறேன். மோளம் மட்டும் வேணாம். கேட்டு போட்டு சாவிய நான் வச்சிக்கறேன்."

எல்லோரும் மூச்சுவிட்டது எனக்கே கேட்டது. அவள் மாமா, "பெரிய மனசு ஐயாவுக்கு" என்று கும்பிட்டார். பின்னாலிருந்து அவள் அம்மா, "அத்தோட வுடுங்கடா, பாடைய எடுங்கடா" என்று கதறினாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. இது அவள் பாணியிலேயே வந்த சமாதானம். மானம் அவருக்கு, வழி இவர்களுக்கு. அவள் தலையாட்டப் போகிறாள் என்று பார்த்தேன்.

"கேட்டு வேணாம்" என்றாள்.

அவள் மாமா திரும்பினார். "இன்னாம்மா சொல்ற? பொயுது போவுது."

"கேட்டு வேணாம் மாமா. கல்லே இங்க இருக்கக் கூடாது."

"அப்பன் பொணம் மழையில நனையணுமாடி?"

"நனையட்டும்."

அவள் அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போய்ப் பாடைக்குப் பக்கத்தில், அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். முதல் தூறல் விழுந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. பெரியப்பாவின் முகம் இறுகியது. "அப்ப ஒண்ணும் கெடையாது போ" என்று திரும்பினார். பையன்கள் கடப்பாரையை எடுத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் கையைக் காட்டி லத்திகளை எடுக்கச் சொன்னார். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் யாராவது ஒருவர் தலை உடைந்திருக்கும்.

"பெரியப்பா" என்று கூப்பிட்டாள்.

அவர் நின்றார்.

அவள் எழுந்து கம்பியருகே வந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள். "உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல பெரியப்பா. கல்லு நட்டது எங்கப்பா. வண்டிப்பாதய வுட்டுட்டு உள்ள தள்ளி நடச் சொல்லிதான் நீங்க சொல்லிகீறீங்க. வயசான ஆளு, கண்ணு தெரியாம அளவ தப்பா எட்த்து குறுக்க நட்டுட்டாரு. அது எங்க வூட்டு தப்பு. நாங்களே புடுங்கி, நீங்க சொன்ன எடத்துலயே நட்டுக் குடுத்துடறோம்."

"ஏய்!" என்று அவள் அண்ணன் கத்தினான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "செத்தவன் மேல பழி போடறியாடி? எங்கப்பன் நட்ட கல்லு எவ்ளோ நேரு தெரியுமாடி உனுக்கு?"

எனக்குத் தெரியும். கயிறு யார் கையில் இருந்தது என்று பார்த்த ஆள் நான். என்னை அறியாமல் இரண்டு அடி முன்னால் வந்து வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. பரீட்சை ஹாலில் பேனா கேட்டால் 'இரு' என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. என் வாய் தானாக மூடிக்கொண்டது.

வருவாய் ஆய்வாளர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்டீங்களா? ஆள் நட்டதுல வந்த தப்புங்களா?"

பெரியப்பா கம்பியைப் பார்த்தார். பாடையைப் பார்த்தார். "ஆமா" என்றார். "அவன்தான் தப்பா நட்டுட்டான். நான்கூட அப்பவே பாத்தேன். பாவம், கண்ணு சரியில்லாத ஆளு, போவட்டும்னு வுட்டுட்டேன்."

பஸ்ஸில் அந்த வேட்டிக்காரன் பேசிய அதே குரல். அவள் இமைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பாதை புறம்போக்கு, கற்களை எல்லைக்கு மாற்றி நடுவது என்று எல்லோர் முன்னாலும் வருவாய் ஆய்வாளர் சொன்னார், பெரியப்பா தலையாட்டினார். அவள் அண்ணன் கற்களைப் பிடுங்கினான். கடப்பாரையைப் போட்டு நெம்பி நெம்பி, அழுதுகொண்டே, ஒவ்வொன்றாக. ஒரு கல்கூட லேசில் அசையவில்லை. அவ்வளவு கெட்டியாக நட்டிருந்தார் அந்த மனிதர். பிடுங்கி முடிந்ததும் வண்டிப்பாதை வரப்பிலிருந்து வரப்புவரை அகலமாகத் திறந்து கிடந்தது. வேலி இல்லாத இடத்தில் மேளம் வேண்டாம் என்று சொல்ல இனி யாருக்கும் வாயில்லை. மேளம் எழுந்தது, பூ இறைத்தார்கள், பாடை போனது. அவள் கற்கள் இருந்த இடத்தோடு நின்றுகொண்டாள்.

பதினாறாம் நாள் முடிந்து கல்லூரிக்கு வந்தபோது நான் அவளிடம் சண்டைக்கே போனேன். "வேற வழி இல்லியா? அவர் பேர ஏண்டி கெடுத்த?"

"செத்துட்டாருடி அவரு. அவருக்கு இனிமே வழிதான் வேணும். பேரு எதுக்கு?"

அவள் அண்ணன் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. அவள் டெல்லிக்குப் போய் மேலே படித்தாள், அங்கேயே வேலையில் இருக்கிறாள். நான் உத்திரமேரூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அரசியல் பாடம் நடத்துகிறேன். உடன்படிக்கைகள் வரும்போது, தோற்றவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவான் என்று நானும் கேட்கிறேன். யாருடைய கேள்வி என்று சொல்வதில்லை.

வண்டிப்பாதை இன்றுவரை திறந்தே இருக்கிறது. கேட் இல்லை, பூட்டு இல்லை, யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லை. பெரியப்பா இன்னும் இருக்கிறார். அவர் தலை நிமிர்ந்து நடப்பது அந்த ஒரு பொய்யில்தான், பாதை பிழைத்திருப்பதும் அதில்தான். அதனால்தான் இங்கே ஒரு பெயரும் எழுதவில்லை.

அந்தப் பொய்க்கு நாங்கள் யாரும் நினைக்காத ஒரு ஆயுசு வந்துவிட்டது. எங்கள் ஊரில் யாராவது கோணலாக வேலை செய்தால், அவள் அப்பாவின் பெயரைச் சொல்லி, "இன்னாடா, அவன் கல்லு நட்ட மாதிரி கீது" என்று கேலி செய்கிறார்கள். ஊர்த்தெருவில் ஆரம்பித்தது. இப்போது காலனியிலும் சொல்கிறார்கள்.

போன தை மாதம் அவள் மாமா இறந்துபோனார். அவள் வந்திருந்தாள். எடுத்து முடிந்த மறுநாள் என்னைப் போனில் கூப்பிட்டாள். நான் போனபோது வண்டிப்பாதையில் நின்றுகொண்டிருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். ரொம்ப நேரம் அது இது என்று பேசினோம். கொஞ்ச தூரத்தில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அங்கிருந்தே ஒருவனைத் திட்டினார். அவள் அப்பாவின் பெயரைச் சொல்லி, கல்லைச் சொல்லி, அதே கேலி. அவள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேலைக்காரர்கள் சிரித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கற்கள் இருந்த இடத்தைச் செருப்பால் லேசாகத் தேய்த்தாள். குழிகள் எப்போதோ தூர்ந்து புல் முளைத்திருந்தது.

"அன்னிக்கு நீதான டீ எட்த்துக்கினு வந்த?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"நேராதான நட்டாரு?"

"நேராதான்டி நட்டாரு. பெரியப்பா கயிறு புடிச்ச எடத்துல, அந்தக் கயித்து மேலயே. ஒரு வெரக்கட தப்பல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுடி" என்றாள்.

சொன்னேன்.